கைமாறும் சிடி

மதுரை புதூரில் அந்தத் தெருவில் 2006ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 இருந்த வீடுகள் மூன்றோ நான்கோ. விளையாடியது தெருப் பையன்கள் அத்தனை பேரும். உள்ளே போடுவது டிவிடி என்றாலும் எல்லாரும் அதை சிடி என்றே சொன்னார்கள். யாராவது ஒருவன் மீனாட்சி பஜாரிலிருந்து புது கேம் சிடி வாங்கிவந்தால் அந்த வாரம் முழுக்க அது வீடு வீடாகச் சுற்றும். கீறல் விழுந்தால் பனியன் துணியால் துடைத்துத் திரும்பப் போடுவார்கள். 'ஸ்மாக்டவுன்' சிடி ஒரு வீட்டில், 'சான் ஆண்ட்ரியாஸ்' இன்னொரு வீட்டில், 'காட் ஆஃப் வார்' மூன்றாவது வீட்டில் என்று இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த பிளேஸ்டேஷன் பெட்டிகளில் பெரும்பாலானவை நகல் சிடியும் ஓடும்படி சிப் போட்டவை. ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைத்த சிடிகளும் திருட்டு நகல்கள். அசல் சிடி ஒன்றின் விலையில் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் மாதப் பால் கணக்கே முடிந்துவிடும். உலகம் முழுவதும் 16 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2 நம் ஊர்ப் பையன்களை வந்தடைந்த வழி இதுதான். ஆனால் நகலோ அசலோ, அந்தப் பழக்கத்தின் அடியில் இருந்த கணக்கு பின்னாளில் அசல் சிடி வாங்கும் காலத்திலும் மாறவில்லை: ஒருவர் காசு போட்டு வாங்கியதைப் பத்துப் பேர் விளையாடலாம்.

அந்தத் தெருவில் வளர்ந்த அண்ணன் தம்பி இருவரின் நினைவுகள்தான் இந்தக் கட்டுரை. அண்ணன் 2007இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். தம்பி மூன்று வயது இளையவர். ஒருவர் பிசி பக்கம் போனார், மற்றவர் கன்சோல் பக்கம். இன்றைக்குப் புதிய கன்சோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது தகுமா, அந்தப் பணத்தைப் பிசியில் போடுவதா என்று யார் கேட்டாலும், இருவருக்கும் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது வருஷ அனுபவம் இருக்கிறது.

அண்ணனுக்குப் பிசி கிடைத்தது பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு. அப்பாவிடம் கேட்டது படிப்புக்காக; அதில் பொய் ஒன்றும் இல்லை, சி புரோகிராமும் அதில்தான் எழுதினார். டவுன் ஹால் ரோட்டுக் கடையில் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்லிச் சேர்த்த பெட்டி அது: இன்டெல் கோர் 2 டுவோ, 1 ஜிபி ரேம், என்விடியா 8400 ஜிஎஸ் கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டு விலை குறைந்தது, வலுவும் குறைந்தது. ஆனாலும் 'கிரிக்கெட் 07' தடங்கல் இல்லாமல் ஓடியது.

'கிரிக்கெட் 07' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு. உரிமம் இல்லாததால் இந்திய வீரர்கள் பொய்ப் பெயர்களில் ஆடினார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் பிசிக்கோ கன்சோலுக்கோ இன்னொரு கிரிக்கெட் விளையாட்டைக் கொண்டுவரவில்லை. கன்சோலில் மட்டும் இருந்திருந்தால் அந்த விளையாட்டு அங்கேயே நின்றுபோயிருக்கும். பிசியில் நின்றுபோகவில்லை. ரசிகர்களே உண்மைப் பெயர்களைப் போட்டார்கள், முகங்களை மாற்றினார்கள், 2008இல் ஐபிஎல் தொடங்கியதும் அதன் சீருடைகளையும் மைதானங்களையும் கொண்டுவந்தார்கள். எவரும் சம்பளம் கொடுக்காத வேலை. சென்னை அணியின் மஞ்சள் சீருடையில் தோனி மட்டையோடு இறங்குவதைத் தெருப் பையன்கள் முதன்முதலில் பார்த்தது அண்ணனின் பதினேழு அங்குலத் திரையில்தான். பிசியை ஒரு விளையாட்டுப் பெட்டியாக எடைபோடும் எவரும் இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெரிய பிழை.

தம்பிக்கோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவது பிடிக்கவே இல்லை. டிவி முன்னால் தரையில் சம்மணம் போட்டு, பக்கத்தில் நண்பனோடு, கையில் ரிமோட்டோடு விளையாட வேண்டும். கன்ட்ரோலரை அந்தத் தெருவில் ரிமோட் என்றுதான் சொன்னார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்துவைத்து, பக்கத்துத் தெருவில் ஒருவர் விற்ற பழைய பிஎஸ்2ஐ வாங்கினார்.

பிறகு மின்வெட்டு வந்தது. 2008இல் தொடங்கிப் பல வருஷங்கள் நீடித்த அந்தக் காலத்தை மதுரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. அண்ணனின் பிசிக்கு யுபிஎஸ் இருந்தது; கரண்ட் போனதும் அது கத்தத் தொடங்கும், விளையாட்டைச் சேமித்து மூடப் பத்து நிமிஷம் கிடைக்கும். தம்பியின் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. பிஎஸ்2இன் 8 எம்பி மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேமித்தவை மொத்தமும் அழிந்துபோகலாம். "அண்ணே, உன் யுபிஎஸ்ல டிவியையும் மாட்டிக்கவா?" என்று தம்பி கேட்பதும், "டேய், டிவி இழுத்துச்சுன்னா ரெண்டு நிமிஷம்கூட தாங்காதுடா" என்று அண்ணன் சொல்வதும் அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட பேச்சு.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஓரிரு வருஷங்களில் அந்தத் தெருவிலேயே அரசு முத்திரை பதித்த லேப்டாப்கள் வந்துவிட்டன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத எளிய பெட்டிகள். ஆனால் 'வைஸ் சிட்டி' ஓடும், 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6' ஓடும், 'கிரிக்கெட் 07' ஓடும். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டில் பிசி விளையாட்டு பரவியதைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதினால் இந்தத் திட்டத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். படிப்புக்காக வீட்டுக்குள் வந்த இயந்திரம் விளையாட்டையும் கூடவே கொண்டுவந்தது. விளையாட்டுக்காக மட்டும் ஒரு பெட்டி வாங்குவது என்பது பெரும்பாலான வீடுகளில் நினைத்துப் பார்க்க முடியாத செலவு.

சிடியின் கதை உலக அளவில் வெடித்தது 2013 ஜூனில். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குக் கட்டுப்பாடுகளை அறிவித்தது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி இணையத்தைத் தொட வேண்டும், வாங்கிய சிடியை நண்பருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் வரம்புகள் உண்டு. சோனி பதிலுக்கு ஒரு சிறிய வீடியோ வெளியிட்டது. பிளேஸ்டேஷனில் விளையாட்டை எப்படிப் பகிர்வது என்று அதில் காட்டினார்கள். ஷுஹெய் யோஷிதாவும் ஆடம் பாய்ஸும் வருகிறார்கள். ஒருவர் கையிலிருந்த சிடிப் பெட்டி மற்றவர் கைக்குப் போகிறது. அவ்வளவுதான் வீடியோ. சில நாட்களில், ஜூன் 19ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. பிஎஸ்4 399 டாலர், எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர் என்ற விலை வித்தியாசமும் சேர்ந்து அந்தத் தலைமுறையின் போட்டி கிட்டத்தட்ட அந்த மாதமே முடிந்துபோனது.

கல்லூரிக் கணினி அறையில் அந்த வீடியோவைப் பார்த்த தம்பி, வேலை கிடைத்ததும் பிஎஸ்4 வாங்குவது என்று முடிவுசெய்தார். 2014இல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார்; வேளச்சேரியில் நண்பர்களோடு ஒரு வீடு. மறு வருஷம் பிஎஸ்4 அந்த வீட்டுக்கு வந்தது. இப்போது சிடிகள் அசல். அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் கன்சோல் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு சுற்று அமைத்துக்கொண்டார்கள். புது விளையாட்டு வந்தால் ஒருவர் வாங்குவார், முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார், அல்லது நல்ல விலைக்கு விற்றுவிட்டு மேலே கொஞ்சம் போட்டு அடுத்ததை எடுப்பார். 2018 ஏப்ரலில் வந்த 'காட் ஆஃப் வார்' சிடியின் விலை 3,999 ரூபாய். முடித்த மறு மாதமே விற்றால் பாதிக்கு மேல் கையில் திரும்ப வரும். மிச்சம்தான் உண்மையான செலவு. கன்சோலில் விளையாட்டுகள் விலை அதிகம் என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் தம்பி இந்தக் கணக்கைத்தான் எடுத்துவைப்பார். அந்தக் கணக்கு சரியானதுதான்.

பிசியில் அந்த வழி அதற்குள் அடைபட்டுப்போயிருந்தது. வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுத் தளத்தைத் தொடங்கியது 2003இல். அடுத்த வருஷம் வந்த 'ஹாஃப் லைஃப் 2'ஐக் கடையில் சிடியாக வாங்கினாலும் ஸ்டீம் கணக்கில் பதிந்தால்தான் விளையாட முடியும். பதிந்த பிறகு அதை யாருக்கும் விற்க முடியாது. பிசி விளையாட்டாளர்கள் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், ஈடாக வேறொன்று கிடைத்தது: போட்டி. ஒரே விளையாட்டை விற்கப் பல கடைகள் இருந்தன. ரூபாயில், இந்திய வருமானத்துக்கு ஏற்றபடி விலை குறைத்தார்கள். கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்தது. 2020 மே மாதம் எபிக் கடை 'ஜிடிஏ 5'ஐ இலவசமாகவே கொடுத்தது. வந்து குவிந்த கூட்டத்தில் அந்தத் தளம் முடங்கியது. ஆக, பிசிக்காரருக்கு சிடி போனது, ஆனால் மலிவு வந்தது. கன்சோல்காரருக்கு மலிவு இல்லை, ஆனால் சிடி இருந்தது. 2020 வரை இந்தத் தராசு ஏறக்குறைய நேராக நின்றது.

பிஎஸ்5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. சிடி போடும் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990. முன்பதிவு தொடங்கிய சில நிமிஷங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டன. தம்பிக்குக் கிடைத்தது பின்னால் வந்த ஒரு தவணையில், சிடி போடும் மாடல்.

அதே சமயத்தில் அண்ணன் தன் பிசிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு தேடிக்கொண்டிருந்தார். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060க்கு அறிவிக்கப்பட்ட விலை 329 டாலர். அந்த விலைக்குக் கார்டைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம். இதரியம் நாணயத்தைக் கணினியில் 'தோண்டி' எடுப்பவர்கள் கார்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டது மறு பக்கம். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேட்ட விலைகள் அறிவித்த விலையைவிட மிக மிக அதிகம். ஒரு கார்டு வாங்கும் பணத்தில் ஒரு முழு கன்சோலே வாங்கலாம் என்ற நிலை. 2022 செப்டம்பரில் இதரியம் தன் முறையை மாற்றித் தோண்டும் வேலையை நிறுத்தும் வரை அது முழுதாகத் தணியவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் கன்சோலா பிசியா என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணனே கன்சோல் என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்றைய கன்சோல் உள்ளே ஒரு பிசிதான். பிஎஸ்3 காலத்தில் அப்படி இல்லை. சோனி, ஐபிஎம், தோஷிபா சேர்ந்து உருவாக்கிய செல் என்ற தனி வகைச் செயலி அதில் இருந்தது. அமெரிக்க விமானப்படை 2010இல் 1,760 பிஎஸ்3 பெட்டிகளை இணைத்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது. ஆனால் விளையாட்டு எழுதுபவர்களுக்கு அந்தச் செயலி பெரும் பாடாக இருந்தது. பிஎஸ்4 முதல் சோனி பிசி வழிக்கே வந்துவிட்டது. மார்க் செர்னி வடிவமைத்த பிஎஸ்5இன் முதல் மாடலில் இருந்தது ஏஎம்டியின் எட்டு கோர் செயலி, 16 ஜிபி நினைவகம், நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் 825 ஜிபி எஸ்எஸ்டி. இவை எதுவும் பிசியில் கிடைக்காத பொருள்கள் இல்லை.

அப்படியானால் அதே பணத்தில் கன்சோல் ஏன் கூடுதலாகச் செய்கிறது? முதல் காரணம் வியாபாரம். தொடக்கத்தில் பெட்டியை லாபமில்லாமல், சில சமயம் நஷ்டத்துக்கே விற்று, ஒவ்வொரு விளையாட்டிலும் பங்கு எடுத்துச் சரிக்கட்டுகிறார்கள். 499 டாலர் பிஎஸ்5 இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி சொன்னதே 2021 ஆகஸ்டில்தான். இரண்டாவது காரணம் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல இருப்பது. கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியும் சிறு நிரல்களை, ஷேடர்களை, விளையாட்டு எழுதுபவர்கள் தங்கள் இடத்திலேயே முழுவதும் தயார்செய்து அனுப்பிவிட முடியும். பிசியில் ஆயிரம் வகைக் கார்டுகள். ஒவ்வொரு கார்டுக்கும் அந்தந்த வீட்டிலேயே தயாராக வேண்டும். அது முன்கூட்டி நடந்தால் காத்திருக்க வேண்டும், விளையாட்டின் நடுவே நடந்தால் படம் தத்தித் தத்தி ஓடும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசிக்கு வந்தபோது உலகெங்கும் கிளம்பிய முறையீடுகளில் இதுவும் முக்கியமான ஒன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தங்கள் வந்தன.

அண்ணனும் அதே வருஷம் வேறொரு புது விளையாட்டை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தவர், ஷேடர் தயாராகும் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் தம்பி போனில் அழைத்து, தான் ஒரு கட்டத்தையே முடித்துவிட்டதாகச் சொன்னார். தம்பிக்கு அப்போது கைக்குழந்தை. குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் நேற்று விட்ட இடத்திலேயே விளையாட்டு காத்திருக்கும். டிரைவர் புதுப்பிக்க வேண்டாம், எந்த அமைப்பையும் தொட வேண்டாம். வேலைக்குப் போய் வீடு திரும்பும் ஒருவருக்கு இந்த நிம்மதியின் மதிப்பு பெரிது. கன்சோலைப் பற்றிய விவாதங்களில் திறன் எண்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

ஆனால் 2022 முதல் கன்சோலின் பலங்கள் ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கின.

இங்கே மட்டும் கிடைக்கும் என்ற விளையாட்டுகள் முதலில் போயின. 'காட் ஆஃப் வார்' 2022 ஜனவரியில் பிசிக்கு வந்தது, 3,299 ரூபாய்க்கு. பிஎஸ்5இன் வேகத்தைக் காட்டுவதற்கென்றே வந்தது போலிருந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2023 ஜூலையில் வந்தது. 'ஹெல்டைவர்ஸ் 2' 2024 பிப்ரவரியில் இரண்டிலும் ஒரே நாளில் வெளியானது. மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுகளைப் பல வருஷங்களாகவே பிசிக்கும் சேர்த்து வெளியிடுகிறது. 2025 அக்டோபரில் 'ஹேலோ'வே பிளேஸ்டேஷனுக்கு வரப்போவதாக அறிவித்தது. எக்ஸ்பாக்ஸ் என்ற பெட்டியை வாங்குவதற்கு இனி என்ன காரணம் என்று கேட்டால் தம்பியிடமே பதில் இல்லை. நின்டெண்டோ மட்டும் தன் விளையாட்டுகளைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. வெளியிலிருந்து வரவழைத்து விற்பவர்களிடம் வாங்கினால் பழுதானபோது உள்ளூரில் பொறுப்பேற்க ஆள் கிடையாது.

அடுத்து விலை. கன்சோல் என்றால் வருஷம் போகப் போக மலிவாகும் என்பது பழைய வழக்கம். 299 டாலருக்கு வந்த பிஎஸ்2 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. பொறுத்திருந்து வாங்கும் நம் வீடுகளுக்கு அந்த வழக்கம் பெரிய உதவி. பிஎஸ்5 எதிர்த் திசையில் போனது. இந்தியாவில் 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 2025இல் இரண்டு முறை ஏறி 649 டாலர் ஆனது. இதோடு இணையத்தில் மற்றவர்களோடு விளையாடத் தனிச் சந்தா வேறு. பிளேஸ்டேஷன் பிளஸ்ஸின் அடிப்படைச் சந்தா 2022இல் ஆண்டுக்கு 2,999 ரூபாய். பிறகு அதுவும் ஏறியது. பிசியில் இந்தச் செலவே கிடையாது.

கடைசியாக சிடி. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸில் சிடி போடும் இடமே இல்லை. 'ஆலன் வேக் 2' 2023 அக்டோபரில் சிடி இல்லாமலே வெளியானது. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ, 699 டாலர் பெட்டி, சிடி டிரைவ் இல்லாமல் வந்தது. டிரைவைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், முதல்முறை மாட்டும்போது இணையத்தில் பதிய வேண்டும். (6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு அப்போது அனுமதி இல்லாததால் அந்தப் பெட்டி இந்தியாவுக்கு வரவும் இல்லை.) ஸ்விட்ச் 2க்கு வரும் கார்டுகள் சிலவற்றில் விளையாட்டே இருப்பதில்லை, பதிவிறக்குவதற்கான சாவி மட்டும் இருக்கும். அதற்குப் பதினொரு வருஷத்துக்கு முன்பு கைமாறும் சிடியைக் காட்டி வென்ற அதே நிறுவனத்தின் உச்ச மாடல் சிடி இல்லாமல் வந்தது தம்பியை உண்மையிலேயே வருத்தியது. அவருடைய கணக்கு முழுவதும் நின்றது அந்தச் சிடியின் மேல்தான். சிடி இல்லாத கன்சோலில் ஒரே ஒரு கடை, அந்தக் கடைக்காரர் சொன்னதே விலை. 4,999 ரூபாய் கொடுத்து வாங்கிய விளையாட்டை முடித்த பிறகு கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பிசியின் மலிவும் இல்லாமல், கன்சோலின் கைமாற்றும் இல்லாமல் இரண்டின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் பெட்டி அது.

பிசியில் வாங்குவதும் முழுச் சொந்தம் இல்லை. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் போட்ட சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிவிட்டது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியதும் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு, காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களுக்கும், எல்லாத் தளங்களிலும் செத்துப்போனது. ஆனாலும் பிசியில் வெளியேற ஒரு வழி உண்டு. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் வாங்கினால் பூட்டு இல்லாத கோப்பு கைக்கு வரும்; ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் கைவிட்டதை ரசிகர்கள் காப்பாற்றவும் செய்வார்கள். அண்ணனின் இன்றைய பிசியில் 'கிரிக்கெட் 07' இன்னும் ஓடுகிறது, புது வருஷத்து அணிகளோடு.

இவர்கள் வீட்டில் எல்லாரையும் ஒரு திரை முன் உட்கார வைத்த விளையாட்டு, பெரிய கார்டு எதையும் கேட்காத ஒன்று. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா'. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பாட்டி வழியாக வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரிகளை யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். பிசி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5 எல்லாவற்றிலும் வந்தது. 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலையாய பரிசையும், பாஃப்டாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருதையும் பெற்றது.

பொங்கலுக்கு எல்லாரும் மதுரையில் கூடியிருந்தபோது அண்ணன் அதைத் தன் லேப்டாப்பில் ஓடவிட்டார். முதல் சமையல் இட்லி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தட்ட இப்படி நேரா அடுக்குனா மேல் தட்டு கீழ இட்லில ஒட்டிக்கிரும்டா, கொஞ்சம் திருப்பி வை" என்றார். தம்பி மவுஸை அம்மா கையில் கொடுத்தார். அதுவரை எந்த விளையாட்டையும் தொட்டிராத அம்மா, ஒரே மூச்சில் பாதிக் கதையை முடித்தார். கவின் தமிழில் பேசாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடம் வந்தபோது மட்டும் மவுஸை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். தமிழ் வீட்டின் கதையைச் சொல்லும் விளையாட்டுகள் வருவதானால் அவை பெரும்பாலும் இப்படிச் சிறு குழுக்களிடமிருந்துதான் வரும். அவை சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் கணினி இருப்பது நல்லது என்று அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

2025இல் இவர்களுடைய அக்கா மகன் பொறியியல் படிக்கக் கோயம்புத்தூர் கிளம்பினான். 'ஜிடிஏ 6' அப்போதைய அறிவிப்பின்படி 2026 மே மாதம் வரவிருந்தது, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். (பிறகு நவம்பர் 19க்குத் தள்ளிவைத்தார்கள்.) "சின்ன மாமா, பிஎஸ்5 வாங்கட்டுமா?" என்று தம்பியிடம் கேட்டான். ஆம் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பான். தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: "ஹாஸ்டல் ரூம்ல டிவி இருக்காடா?" இல்லை. வைக்கவும் விடமாட்டார்கள். படிப்புக்கு எப்படியும் லேப்டாப் வேண்டும். நாற்பதாயிரத்துக்கு ஒரு லேப்டாப், ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு கன்சோல் என்று இரண்டாக வாங்குவதைவிட, ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு உள்ள ஒரே லேப்டாப்பில் முழுப் பணத்தையும் போடுவது மேல் என்று மாமாக்கள் இருவரும் முதல்முறையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். 'ஜிடிஏ 5' கன்சோலுக்கு வந்து பத்தொன்பது மாதம் கழித்துத்தான், 2015 ஏப்ரலில், பிசிக்கு வந்தது என்பதையும் அண்ணன் மறைக்காமல் சொன்னார். பையன் யோசித்துவிட்டு லேப்டாப்பே எடுத்தான்.

நல்ல வேளை அப்போதே எடுத்தான். அந்த வருஷக் கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை மொத்தமாக வாங்கிக் குவிக்கின்றன. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனாளர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் க்ரூஷியல் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. 2021இல் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனவர்கள் பட்ட பாட்டை இப்போது ரேம் வாங்கப் போனவர்கள் படுகிறார்கள். கன்சோலிலும் இருப்பது அதே சிப்புதான் என்பதால் அதன் விலையும் எத்தனை நாள் நிற்கும் என்று அப்போது சொல்ல முடியவில்லை.

அண்ணன் புதுப் பிசி சேர்ப்பதற்காகப் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவைத்தார். பழைய பிசி வேலைக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் போதும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை அது இழுக்காது. ஒரு ராத்திரி தம்பிக்குப் போன் செய்தார். "டேய், உங்க ஆபீஸ்ல யாராச்சும் பழைய பிஎஸ்5 விக்கிறாங்களான்னு பாரு. சிடி போடுற மாடலா இருந்தா மட்டும் சொல்லு. பில் இருக்கணும்."

தம்பி ஒன்றைக் கண்டுபிடித்தார். குழந்தையின் படிப்புச் செலவுக்காக விற்பதாகச் சொன்ன ஒரு சக ஊழியருடைய பெட்டி, இரண்டு ரிமோட்டுகளோடு. சிடி டிரைவ் ஒழுங்காகப் படிக்கிறதா என்று தன் வீட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போகும் பஸ்ஸில் பார்சல் போட்டார்.